பத்மா அக்கா எண்ணிய செருப்புகள்

பத்மா அக்கா சபைக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் கொஞ்சம் நிற்பார். கையில் ஒரு பை, தோளில் இன்னொரு பை. குனியமாட்டார். கண்ணை மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓட்டுவார். உதடு லேசாக அசையும். பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் செருப்பு எண்ணிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சபையில் அவரிடம் சண்டே கிளாஸுக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பிறகு மற்ற சபைகளுக்கு அவரோடு பஸ்ஸில் போய்வரும் துணை. எண்ணினார் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. எது இல்லை என்றுதான் அவர் பார்த்தார். ஊக்கு குத்திய வார், அண்ணனுடைய பெரிய செருப்பு, ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கூல் ஷூவிலேயே வருகிறவன், ஒரே ரோஸ் நிறத்தில் போட்டு வரும் அக்கா தங்கச்சி என்று ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்ததும், முதல் பாட்டுக்கு முன்பே, வராத பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிப்பார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இறந்துபோனார். வேலை செய்த கம்பெனியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜைமேல் தலை வைத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். வயது நாற்பத்தொன்று. அடக்க ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமென்று என்னிடம் கேட்டார்கள். நீதானம்மா டிகிரி முடித்த பெண் என்றார் பாஸ்டர். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அது இதுவரை வேலை எதுவும் வாங்கித் தரவில்லை. இந்த மாதிரி எழுதுகிற வேலைகளை மட்டும் வாங்கித் தருகிறது. பிறந்த தேதி, ஞானஸ்நானம் எடுத்த வருஷம், அவர் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்த ஒன்பது சபைகளின் பெயர் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்தார்கள். நிறையப் பேர் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ரோஷினி என்ற பிள்ளை எழுதிய சீட்டைப் பற்றி எதுவும் இல்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா பிறந்தது பட்டாபிராமில். அப்பா பாடி பகுதியில் லாரிக்கு லோடு ஏற்றியவர். பத்தாவது முடித்ததும் அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். கடைசிவரை அதே செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டையைப் புரட்டி, எங்கே பட்டன் இல்லை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கச்சி குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தார். ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். ரேஷன் கார்டில் மாற்ற எத்தனை நடை நடக்க வேண்டும் என்று கேட்டாராம். பத்மாவாகவே இருந்துவிட்டார்.

ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஒரு நாளில் காலையில் ஒரு சபை, மதியம் ஒரு சபை. யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் வாடகைக் கட்டடத்திலும் மொட்டைமாடியிலும் நடக்கிற சின்னச் சபைகளின் பாஸ்டர்களுக்குள் பேச்சு பரவும். பிள்ளைகள் வருகிறார்கள், நிற்கமாட்டேன் என்கிறார்கள், வாலிபர் கூட்டத்துக்கு நாலு பேர்கூட இல்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், இன்னொருவர் அக்காவின் நம்பரைக் கொடுப்பார்.

சென்னீர்குப்பத்துக்கு அப்படித்தான் போனோம். தஸ்தகீர் பாயின் ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடியில் சபை. பாஸ்டர் வெற்றிச்செல்வனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் கலர் படங்கள் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். பக்கத்துச் சபையில் பொம்மலாட்டம் நடத்துவதைச் சொன்னார். டி-சர்ட் அடிக்கலாமா என்றும் கேட்டார்.

"பொம்மையெல்லாம் இருக்கட்டும் பாஸ்டர். வந்துட்டு நின்னுபோன பசங்க லிஸ்ட் எதுனா கீதா?" என்றார் அக்கா.

அப்படி ஒரு பட்டியல் எந்தச் சபையிலும் இருந்ததில்லை. வந்தவர்களின் எண்ணிக்கை எல்லா இடத்திலும் கரும்பலகையில் இருக்கும். அக்கா அன்றைக்கு வந்த நாலு பிள்ளைகளை உட்காரவைத்து, முன்னால் யார் யார் வந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு இருபத்தாறு பெயர் எழுதினார். அடுத்த வாரத்திலிருந்து வீடு வீடாகப் போனோம்.

அவருடைய முறை அவ்வளவுதான். ஒரு பிள்ளை இரண்டு ஞாயிறு வராவிட்டால் மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கக் கூடாது. பார்க்கத் தோன்றியது, வந்தேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். இதற்கு ட்ரெயினிங் எதற்கு என்று சில பாஸ்டர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மூன்று வருஷத்தில் சென்னீர்குப்பத்தில் ஐம்பத்துமூன்று பேர்.

தஸ்தகீர் பாய், தன் கடைக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்று செருப்பைப் படியில் விடச் சொன்னார். கீழ் மூன்று படி சின்னவர்களுக்கு, நாலாவதும் ஐந்தாவதும் அவர்களைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, அதற்கு மேலே வாலிபர்கள். பாயின் மகள் தஸ்லீம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவள் கிளாஸுக்கு வருகிறவள் இல்லை. ஆனாலும் எந்தப் படியில் யார் செருப்பு என்று அக்காவுக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும்.

ரோஷினி, தஸ்லீமோடு அதே ஸ்கூலில் ஐந்தாவது படித்தாள். நாலாவது படியில் நீலச் செருப்பு. வீடு எதிர்த் தெருவில் மூன்றாவது. அப்பா கோபிக்கு செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் லோடு வேலை. அவள் குடும்பத்தில் வேறு யாரும் சபைக்கு வந்ததில்லை. அவளை அனுப்பினார்கள், அவ்வளவுதான். அவள் மனப்பாட வசனத்தில் கெட்டிக்காரி. அதிகம் பேசமாட்டாள். ஆனால் சீட்டு எழுதுவதற்கு எப்போதும் முதல் ஆள்.

சீட்டு என்பது அக்கா அந்தச் சபையில் தொடங்கியது. கிளாஸ் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் தனக்காக ஜெபிக்க வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். "நானும் ஆண்டவரும் மட்டும்தான் படிப்போம்" என்று சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள், யாருக்காக என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் கதைக்காக வந்தார்களா, சீட்டுக்காக வந்தார்களா என்று எனக்கு இப்போதும் சந்தேகம் உண்டு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் சபையின் ஆண்டு விழா. சிட்டியிலிருந்து ஒரு பெரிய சபையின் ஆட்கள் வருவதாக இருந்தது. பிள்ளைகள் ஊழியத்துக்குத் தனி அறை கட்ட அவர்கள் உதவக்கூடும். பாஸ்டர் அக்காவிடம் அந்த டப்பாவைக் கேட்டார். பத்துச் சீட்டைச் சபையின் பெரியவர்களான மூப்பர்கள் ஆளுக்கொன்றாக மைக்கில் வாசித்து ஜெபித்தால், பிள்ளைகள் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்று வந்தவர்களுக்குத் தெரியும் என்றார்.

"புள்ளைங்களுக்கு வாக்கு குடுத்துக்கீறேன் பாஸ்டர்."

"எழுதுன பிள்ளை பேரயா சொல்லப் போறோம் சிஸ்டர்? மொத்தச் சபையும் ஜெபிச்சா அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லதுதானே?"

சீட்டில் எழுதியவர் பெயர் இருக்காது என்பது உண்மைதான். அக்கா ஒரு வாரம் யோசித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். தப்பில்லை அக்கா என்றேன். அடுத்த ஞாயிறு டப்பாவை என்னிடம் கொடுத்து, பத்து எடுத்துவைக்கச் சொன்னார்.

எடுத்தேன். ரோஷினியின் சீட்டை முழுதாகப் படித்தேன். 'என் அப்பா கோபி குடித்துவிட்டு அம்மாவை அடிக்கக் கூடாது. அம்மா வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஆமென்.' அதில் அப்பா பெயர் இருந்தது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேனா, எதுவுமே நினைக்கவில்லையா, ஞாபகமில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது. வயதானவர்களுக்குத் தடுமாறாமல் வாசிக்க வரும். அதனால் எடுத்தேன்.

ஆண்டு விழாவுக்காக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை மாடிக் கம்பியில் தெருவைப் பார்க்கக் கட்டியிருந்தார்கள். ஆறாவதாக வந்த மூப்பர் அந்தச் சீட்டை வாசித்தார். நல்ல குரல். வாசித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கோபியைத் தொடும் ஆண்டவரே, கோபியின் குடியை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஏழெட்டு முறை பெயர் சொல்லி ஜெபித்தார். சபை சத்தமாக ஆமென் சொன்னது. ரோஷினி முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து தன் பாவாடையின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. நானும் அசையவில்லை.

எதிரே டீக்கடையில் கோபி உட்கார்ந்திருந்ததைத் தஸ்தகீர் பாய் பிறகு சொன்னார். பாதிக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

வந்த விருந்தினர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அறை கட்டித் தருவதாகச் சொன்னார்கள். கட்டியும் தந்தார்கள். விழா முடிந்த அந்தப் புதன்கிழமை ரோஷினியின் அம்மா சின்னப் பையனை மட்டும் தூக்கிக்கொண்டு மாங்காட்டில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அது மைக்கினாலா, எப்படியும் நடக்க இருந்ததா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. அக்கா யாரையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலாவது படியில் நீலச் செருப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அக்காவின் கணக்குப்படி மூன்றாவது ஞாயிறுக்குள் அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வேலை நாளில் லேட்டாகிவிட்டது என்றார். மூன்றாவது ஞாயிறு வந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடையைத் தாண்டும்போது கோபி அங்கேதான் இருந்தார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இன்னா டீச்சரு, இன்னிக்கி யாரு ஊட்டுக் கத? மைக்க கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லு. போன தபா டீக்கடையில சரியா கேக்கல."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா நின்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். கோபி கிளாஸைக் கீழே வைத்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"எம் பொண்ணு என்னாண்ட சொல்லல. ஒன்னாண்ட சொல்லிச்சு."

நாங்கள் படியேறினோம். அன்றைக்கு அக்கா செருப்பை எண்ணவில்லை. கிளாஸ் வழக்கம்போல நடந்தது. சீட்டு எழுதும் நேரம் வந்தபோது, டப்பா உடைந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னார். டப்பா அலமாரியில்தான் இருந்தது.

முடிந்து இறங்கும்போது தஸ்லீம் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "டீச்சர், ரோஷினி அந்தச் சீட்டத் திருப்பிக் கேட்டா" என்றாள். மூப்பரிடமிருந்து வாங்கி அக்கா அதைப் பஸ் பாஸ் கவரில் வைத்திருந்தார். உடனே எடுத்து நீட்டினார். தஸ்லீம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னாண்ட வேணாமாம். நீங்களே வந்து குடுக்கணுமாம்."

"அடுத்த வாரம் நானே எடுத்துகினு வரேன்னு சொல்லு."

அடுத்த வாரம் போகவில்லை. ஒரு வாரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வாரம் கால் வலி. ஒருமுறை போனோம். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும். அங்கேயிருந்து அந்த வீட்டு வாசல் தெரியும். அக்கா நின்று பார்த்தார். வாசலில் நீலச் செருப்பும் பக்கத்தில் ஒரு ஆண் செருப்பும் கிடந்தன. கோபியும் வீட்டில் இருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னார். சரி அக்கா, இருந்தால் என்ன என்றேன்.

"இன்னான்னு போயி நிப்பேன் ப்ரியா?"

இத்தனை வருஷமாக எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். பார்க்கத் தோன்றியது, வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அந்தச் சீட்டை ஏன் எடுத்தாய் என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை. "டப்பாவக் குடுத்தது நானு" என்று ஒருமுறை, நான் எதுவும் கேட்காமலே சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புது அறையால் அக்காவின் பெயர் இன்னும் பரவியது. ஆவடியில் பதினைந்து சபைகளின் சண்டே கிளாஸ் டீச்சர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்து அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். நோட்ஸ் எடுத்தது நான். இரண்டு ஞாயிறு, மூன்றாவதற்குள் வீடு, தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னார். ஒரு டீச்சர் எழுந்து, எத்தனை தடவை போனால் பிள்ளை திரும்பி வரும் என்று கேட்டாள். அது பிள்ளையைப் பொறுத்தது இல்லை, போகிறவரைப் பொறுத்தது என்றார் அக்கா. கைதட்டினார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். கடைசியில் ஒன்று சேர்த்துச் சொன்னார். பிள்ளைகளைச் சீட்டு எழுதச் சொல்லாதீர்கள். ஏன் சிஸ்டர் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"குப்ப சேருது" என்றார். சிரித்தார்கள். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம். சென்னீர்குப்பத்துப் பிள்ளைகள் எழுபதுக்கு மேல் ஆனார்கள். வாலிபர் கூட்டத்துக்கு இரண்டு கிட்டார் வந்தது. அக்கா மற்ற சபைகளில் வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. மழையில் ஆவடி பக்கம் கோவில்பதாகைக்கு ஒரு பிள்ளைக்காக இரண்டு முறை போனார். சென்னீர்குப்பத்தில் நாலாவது படிக்கு வந்ததும் மட்டும் கண் நிற்காமல் மேலே போய்விடும். அங்கே இப்போது வேறு பிள்ளைகளின் செருப்பு. இடம் காலியாகவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்காவின் தங்கச்சி அவருடைய கைப்பையை என்னிடம் கொடுத்தார். சபை சாமான் இருந்தால் எடுத்துக்கொள் என்றார். சாக்பீஸ், பெயர்ப் பட்டியல் நோட்டு, இருமல் மாத்திரை. பஸ் பாஸ் கவரில், பாஸுக்குப் பின்னால், நாலாக மடித்த சீட்டு. மடிப்பில் தாள் நைந்திருந்தது.

போன ஞாயிறு சென்னீர்குப்பத்துக்குத் தனியாகப் போனேன். பாஸ்டர் கிளாஸை என்னையே எடுக்கச் சொன்னார். முடிந்து இறங்கும்போது தஸ்லீம் கடையில் இருந்தாள். வளர்ந்துவிட்டாள், ஏழாவது. டீச்சர் நிஜமாகவே செத்துட்டாங்களா என்று ரோஷினி கேட்டதாகச் சொன்னாள். ஆமாம் என்றேன். சீட்டு என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன். தஸ்லீம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். டீக்கடையில் யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். கோபி இல்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

"வேணாமாம் அக்கா. அவங்கதான தரேன்னு சொன்னாங்கன்னு சொல்லிட்டா."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டாள். ஆவடி பஸ் வந்தது. ஏறி, டிக்கெட் எடுக்கப் பையைத் திறந்தபோது சீட்டு கையில் பட்டது. அது இப்போதும் அந்தப் பையில்தான் இருக்கிறது.